பெரிய பிரேக் டிஸ்க் மாட்டியபின் பிரேக் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது

2009 மாடல் சின்ன ஹேட்ச்பேக், பின்னால் டிரம். மூன்று வாரம் முன்பு அதே கம்பெனியின் பெரிய செடானிலிருந்து முன் காலிப்பர் (பிஸ்டனால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), பிராக்கெட், டிஸ்க் எல்லாம் எடுத்து மாட்டினேன். டிஸ்க் 256 மிமீயிலிருந்து 280 ஆனது, காலிப்பர் பிஸ்டன் 48லிருந்து 54. போல்ட் துளைகள் அப்படியே பொருந்தின, 15 அங்குல வீலுக்குள் உரசாமல் சுற்றுகிறது, அதுவரை சந்தோஷம்தான்.

இப்போது முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் போய்விடுகிறது, உடனே இன்னொரு தரம் மிதித்தால் கல் மாதிரி நிற்கிறது. கசிவு இல்லை. புது டாட் 4 ஆயில் ஊற்றி மூன்று முறை ஏர் எடுத்தாயிற்று, இடது வலது காலிப்பர் மாறிவிட்டதோ என்றும் பார்த்தேன் (ஏர் வெளியேற்றும் ப்ளீடர் நிப்பிள் மேலேதான் இருக்கிறது), டிஸ்க் ஆட்டம் 0.04 மிமீதான், அப்புறம் பின் டிரம் ஷூவை அட்ஜஸ்ட் செய்தேன், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். வண்டியை ரோட்டில் எடுக்கவே இல்லை.

கணக்குப் போட்டால் பிஸ்டன் பரப்பு சுமார் 27% கூடியிருக்கிறது, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோ பழைய 20.64 மிமீ. பெரிய பிஸ்டனுக்கு வேண்டிய ஆயிலை அது ஒரே மிதியில் தள்ளவில்லையோ என்று என் சந்தேகம் அங்கேதான்.

செடானின் 22.22 மிமீ மாஸ்டர் சிலிண்டரைப் போட்டால் இது சரியாகுமா, இல்லை கோளாறு வேறெங்காவது இருக்கிறதா?