ரெஸ்க்யூ முடித்தாச்சு, டைவ்மாஸ்டர் போகலாமா? ஹேவ்லாக் அனுபவம்

ஸ்கூபா டைவிங்கில், ஆபத்தில் இருக்கும் டைவரை மீட்கக் கற்றுத்தரும் ரெஸ்க்யூ டைவர் படிப்பு முடித்ததும் பலருக்கும் வரும் கேள்விதான். இதோடு நிறுத்தலாமா, தண்ணீருக்குள் குழுவை வழிநடத்தும் டைவ்மாஸ்டருக்குச் சேரலாமா? பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பில் தொழில்முறைப் படிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். டைவ்களைக் குறித்துவைக்கும் லாகில் 40 டைவ் இருந்தால் சேரலாம், 60 ஆனால்தான் சான்றிதழ். 400 மீட்டர் நீச்சல், களைத்துப்போன டைவரை 100 மீட்டர் இழுத்துக்கொண்டு வருவது எல்லாம் பழகினால் வந்துவிடும். வேலை பிடிக்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் அந்தமானில் இருக்கும் ஹேவ்லாக் தீவில் நான் வழக்கமாகப் போகும் சென்டரில், ஒரு டைவ்மாஸ்டர் அக்காவோடு கொஞ்ச நாள் கூடவே இருக்க அனுமதி கேட்டேன்.

ஒருநாள் படகில் வந்தவர்களில் ஒருவர் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பப் படிப்பை முடித்து ரொம்ப வருஷம் கழித்து இறங்குகிறவர். ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தவர், இடம் நெருங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு மாஸ்க் பட்டையையே இறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா என்னிடம் கண்ணைக் காட்டினார், அவ்வளவுதான். தண்ணீருக்குள் அவரைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொண்டார். 12 மீட்டர் வாக்கில் அவர் விட்ட குமிழிகளில் இடைவெளியே இல்லை. இடது கட்டைவிரல், மிதக்க உதவும் ஜாக்கெட்டுக்குக் காற்று நிரப்பும் பொத்தான் மேலேயே இருந்தது. ஓகேயா என்று அக்கா சைகையில் கேட்டார், அவரும் ஓகே என்றே காட்டினார். அக்கா நம்பவில்லை. பயத்தில் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால் ஜாக்கெட் அவரை மேலே தூக்கிவிடும், மேலே போகப் போக அழுத்தம் குறைந்து காற்று விரிந்துகொண்டே போகும். அப்போது மூச்சையும் அடக்கினால் நுரையீரலே கிழியலாம். நேர் எதிரே போய் அவருடைய ஜாக்கெட் பட்டையைப் பிடித்தார். தன் கண்ணைப் பார்க்கச் சொல்லி, மூச்சை மெதுவாக வெளியே விடும்படி கையை அசைத்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் குமிழிகள் விட்டுவிட்டு வர ஆரம்பித்தன.

அந்த நேரத்தில் பெரிய திருக்கை ஒன்று பக்கத்தில் கடந்து போனதாம். படகில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். நான் பார்க்கவில்லை, அந்த டைவரிடம் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் கேஜில் இருந்தது என் கண். அதற்காக எனக்கு வருத்தமே இல்லை. சேரலாம் என்று தீர்மானித்தது அப்போதுதான்.

மற்றதையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் இருப்பதைவிட வெளியே வேலை அதிகம். காலியாகவே 14 கிலோ வரும் சிலிண்டர்களைத் தூக்குவது, வெட்சூட் அலசுவது, ஆக்சிஜன் பெட்டியைச் சரிபார்ப்பது எல்லாம் உண்டு. படிப்புக் கட்டணம் தவிர ஆண்டுச் சந்தா, காப்பீடு இருக்கின்றன. மழைக்காலத்தில் வேலை படுத்துவிடும். இந்தச் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம் என்று அங்கே இருப்பவர்களே சொன்னார்கள். அதனால் நான் இப்போதைய வேலையை விடப் போவதில்லை, சம்பளமில்லாத விடுப்புதான்.

எல்லோருக்கும் இது தேவையும் இல்லை. என் டைவ் துணைக்கு மூழ்கிய கப்பல்கள்தான் உயிர். 1942-இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அங்கே போக டைவ்மாஸ்டர் அட்டை உதவாது, அந்த எல்லையைத் தாண்டி இறங்கக் கற்றுத்தரும் டெக்னிக்கல் பயிற்சிதான் வேண்டும். அந்தப் பணத்தை அதில் போடுங்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

சீசன் தொடங்கும் அக்டோபரில் சேர்கிறேன். புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ டைவ்மாஸ்டர் முடித்தவர்கள் இருந்தால், பயிற்சியில் எப்போது குழுவை உங்கள் பொறுப்பில் விட்டார்கள் என்று எழுதுங்கள்.