மறு: ஆன்போர்டிங்குக்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை நிறுவனத்துக்குப் பழக்கும் ஆன்போர்டிங்குக்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள் பணிச்சேர்ப்பு, பணி அறிமுகம், புகுமுகம். மூன்றும் முதல் நாளோடு முடிந்துவிடுகின்றன என்பதுதான் என் குறை.

எனக்கு இது ஏட்டளவு விவாதம் இல்லை. பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஓசூர்ப் பக்கமிருந்து அத்திப்பள்ளி தாண்டி வேலைக்கு வருகிறவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு போடுகிறோம். அட்டையிலேயே சிக்கி நிற்கிறேன்.

ஆதார், பான், பழைய வேலையின் ரிலீவிங் லெட்டர், பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் எல்லாம் வாங்கி வைப்பது பணிச்சேர்ப்பு, சரி. நிறுவனத்தின் கதையைப் படம் போட்டுச் சொல்லும் இண்டக்‌ஷனுக்குப் பணி அறிமுகம் பொருந்தும். ஆன்போர்டிங் அதற்கு அப்புறமும் மாதக்கணக்கில் நடப்பது. யாரிடம் எதைக் கேட்கலாம், எந்த மெயிலுக்கு உடனே பதில் போடவேண்டும் என்று பிடிபடும்வரை. என் முதல் வேலையில் மூன்று நாள் லேப்டாப்பே வரவில்லை, மேலாளர் விடுப்பில். எங்கே சாப்பிடுவது, எந்த லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும் என்று சொல்லித் தந்தவர் வாசலில் நின்ற திருப்பத்தூர் செக்யூரிட்டி அண்ணன். எனக்கு ஆன்போர்டிங் செய்தவர் அவர்தான்.

புகுமுகம் நல்ல சொல். ஆனால் தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலை வகுப்பு வந்ததும் ஒழிந்த பியுசி என்னும் புகுமுக வகுப்பு, கர்நாடகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கே குழப்பும். ஆங்கிலத்தைப் பின்பற்றிக் 'கப்பலேற்றம்' என்றாலோ, நமக்குக் கப்பலேறுவது மானம்தான்.

நட்ட நாற்று சில நாள் வெளுத்து நின்று பிறகு பச்சை பிடிக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் 'பச்சை பிடித்தல்'தான். அட்டையில் போட்டால் வேளாண்துறை வெளியீடு என்று நினைத்துவிடுவார்கள்.

அதனால் என் பரிந்துரை: காலூன்றல். வந்தவர் காலூன்றுகிறார், நிறுவனம் காலூன்ற வைக்கிறது. 'காலூன்றல் வாரம்' என்றும் சொல்லலாம். தமிழகத்தில் காலூன்றத் துடிக்கும் கட்சிகளைப் பற்றிய செய்தித் தலைப்புகள் நினைவுக்கு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. செயலிகளில் புதுப் பயனருக்கு அரை நிமிடம் சுற்றிக்காட்டுவதையும் ஆன்போர்டிங் என்கிறார்கள். அதற்கு 'வழிகாட்டல்' போதும்.

புதியவருக்குத் துணையாகப் 'பட்டி' (buddy) என்று ஒருவரைக் கூடவே அனுப்புவோமே, அவருக்கு என்ன? 'காலூன்றல் துணைவர்' என்றால் கல்யாணப் பேச்சு போல ஒலிக்கிறது. அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போனாலும் உள்பக்கங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள்.