ஏற்காடு வளைவில் பை போச்சு: நாம் பார்க்காத நேரம் குரங்குக்கு எப்படித் தெரிகிறது?

அஸ்தம்பட்டிக்காரன்:

போன ஞாயிறு குடும்பத்தோடு ஏற்காடு போனோம். பாதி மலை ஏறியதும் பாப்பா வாந்தி வருகிறது என்றாள், ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். தடுப்புச் சுவர் மேல் பெரிய ஆண் குரங்கு ஒன்று உட்கார்ந்து தன் தொடையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது, எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. பானெட் மேல் மஞ்சள் கவர், உள்ளே நாலு தட்டுவடை செட், ஒரு பிஸ்கட் பாக்கெட். இவன் எடுத்துவிடுவான் என்று தெரியும், அதனால் ஐந்து நிமிடம் அவனையே முறைத்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை. போன் அடித்தது, யார் என்று குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான். நிமிர்ந்தால் கவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

சந்தேகம் என்னவென்றால், அவன் கடைசிவரை என்னைப் பார்க்கவே இல்லையே, நான் பார்வையை எடுத்தது மட்டும் எப்படித் தெரிந்தது? தலை அசைந்ததை வைத்தா, கண்ணை வைத்தா? மாமனாரிடம் கேட்டால் “அதுக்கு எல்லாம் தெரியும் மாப்ள” என்று முடித்துவிட்டார். மூளை ஆராய்ச்சி பற்றிப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

லூப்ரோடு தோட்டம்:

மூளை பற்றி எனக்குத் தெரியாதுங்க, காப்பித் தோட்டத்தில் முப்பது வருடமாக அவர்களோடு மல்லுக்கட்டுகிறேன். முதலில், நீங்கள் முறைத்தது தப்பு. அவர்கள் பாஷையில் கண்ணுக்குள் நேராகப் பார்த்தால் சண்டைக்குக் கூப்பிடுவதாக அர்த்தம். பல்லைக் காட்டிச் சிரித்தால் பயந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளும். டூரிஸ்ட்காரர்கள் செல்ஃபி எடுக்கும்போது இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள், அப்புறம் கடித்துவிட்டது என்கிறார்கள். (கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடுங்கள், மஞ்சள் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.)

பார்க்கவில்லை என்று நினைப்பதும் தப்பு. ஓரக்கண்ணால் பார்க்கும். மஞ்சள் கவரை மலை முழுக்க அதற்குத் தெரியும்.

குரங்குமூளை:

முனைவர் பட்டத்துக்காக இந்தத் துறையில் கொஞ்சம் மண்டையை உடைத்துக்கொண்டவன், சேலம்தான் சொந்த ஊர். தோட்டத்து அண்ணன் சொன்னது எல்லாமே சரி. அந்தக் கவர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: நாய், மாடு எல்லாவற்றுக்கும் விழித்திரையில் நிறம் பிரிக்கும் கூம்பு செல் இரண்டு வகைதான். நம் நாட்டுக் குரங்குக்கு நமக்கு இருப்பது போலவே மூன்று வகை. பச்சை இலைக்கு நடுவே காப்பிப் பழம் சிவந்திருப்பது உங்கள் நாய்க்கு எடுப்பாகத் தெரியாது, அதற்குத் தெரியும்.

மூளைக்குள் பார்வைக்கு ஒதுக்கிய இடம் ரொம்பப் பெரிது. மக்காக் குரங்குகளை வைத்து 1991-ல் ஃபெல்மன், வான் எசன் இருவரும் போட்ட வரைபடத்தில் பார்வை சம்பந்தப்பட்ட பகுதிகள் மட்டும் 32, மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் பாதிக்கு மேல். நாட்டுக் குரங்கும் மக்காக் வகைதான்.

இனி உங்கள் கேள்விக்கு. 1972-ல் சார்லஸ் கிராஸ் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. மயக்கத்தில் இருந்த குரங்கின் மூளையில், காதோரம் உள்ள பகுதியில் ஒரு நியூரான் (நரம்பு செல்), திரையில் எந்த வெளிச்சம் காட்டினாலும் ஊமையாக இருந்திருக்கிறது. அலுத்துப்போய்த் திரைக்கு முன்னால் கையை ஆட்டியிருக்கிறார்கள், உடனே படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் பன்னிரண்டு மணி நேரம் காகிதத்தில் விதவிதமாக வெட்டிக் காட்டிப் பார்த்தார்கள். அதிகமாகத் துடித்தது குரங்குக் கையின் நிழலுக்கு! ஒரே ஒரு நியூரான் கையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று அப்போது நம்புவதற்கே ஆள் இல்லை. 2006-ல் டோரிஸ் சாவோ, ஃப்ரைவால்ட் குழு முகத்துக்கென்றே இருக்கும் ஒரு திட்டுக்குள் மின்முனையை இறக்கியபோது, அங்கே காட்சிக்குப் பதில் தந்த நியூரான்களில் 97 சதவீதம் முகத்துக்குத்தான் துடித்தன.

அதே வட்டாரத்தில், எதிரில் இருப்பவர் எங்கே பார்க்கிறார் என்பதற்கும் ஆள் உண்டு. டேவிட் பெரட் என்பவர் கண்டது இது. கண் தெரிந்தால் அந்த நியூரான்கள் கண்ணை நம்பும், கண் தெரியவில்லை என்றால் தலையை, தலையும் மறைந்தால் உடம்பு திரும்பியிருக்கும் பக்கத்தை. நீங்கள் போனுக்குக் குனிந்தபோது மூன்றில் இரண்டை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டீர்கள்.

சூரமங்கலம் சந்தேகி:

எல்லாம் சரி, ஆனால் இதில் “தெரியும்” என்பதற்கு என்ன வேலை? மனுஷன் தலை குனிந்தால் அடி விழாது, நிமிர்ந்தால் விழும். ஆயிரம் வண்டி பார்த்த குரங்கு இதைப் பழகியிருக்கும், அவ்வளவுதானே. எங்கள் தெரு நாய் கூட, கறிக்கடைக்காரர் திரும்பினால்தான் வாயை வைக்கும்.

குரங்குமூளை:

நியாயமான கேள்வி, இதே கேள்வியை ஆராய்ச்சிக்காரர்களும் கேட்டார்கள். போர்ட்டோ ரிக்கோ பக்கத்தில் காயோ சாந்தியாகோ என்று குட்டித் தீவு. 1938-ல் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோன சுமார் 400 ரீசஸ் குரங்குகளின் (இதுவும் மக்காக் வகைதான்) வாரிசுகள்தான் அங்கே சுற்றுகின்றன, நம் ஊர் சொந்தக்காரர்கள். 2005-ல் ஃப்ளோம்பாம், சாந்தோஸ் இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு ஆட்கள், ஆளுக்கு ஒரு திராட்சை முன்னால். ஒருவர் குரங்கைப் பார்க்கிறார், இன்னொருவர் பார்க்கவில்லை. பயிற்சி கிடையாது, ஒரு குரங்குக்கு ஒரே வாய்ப்பு. பெரும்பாலும் பார்க்காதவரிடம்தான் திருடின. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாலும் அப்படியே. வாயை மறைத்தவர், கண்ணை மறைத்தவர் என்று வைத்தபோது கண்ணை மறைத்தவரிடம் போயின. வாய்க்கு முன்னால் அட்டை பிடித்தவனிடம் திருடக் கூடாது என்று எந்தக் குரங்கும் முன்னால் பழகியிருக்க வாய்ப்பில்லை இல்லையா?

அடுத்த வருடம் இன்னொன்று: இரண்டு பெட்டி, ஒன்று மணி கட்டியது, ஒன்று சத்தமில்லாதது. ஆள் பார்க்காத நேரத்தில் சத்தமில்லாத பெட்டியைத்தான் திறக்கப் பார்த்தன.

ஆனால் சந்தேகி சொல்வதில் ஒரு பாதி உண்மையும் உண்டு. 2011-ல் வந்த ஆய்வில், பழம் இடம் மாறியதைப் பார்க்காத ஆள் பழைய பெட்டியில்தான் தேடுவார் என்று குரங்கு எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை. “இவன் பார்க்கவில்லை” என்பது வரை போகிறது, “இவன் தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறான்” என்பது வரை போகவில்லை. நம் வீட்டில் நாலைந்து வயதுக் குழந்தைக்கு அது வந்துவிடும். என் கருத்து, பழக்கமும் இருக்கிறது, கண்ணைப் படிக்கும் மூளையும் இருக்கிறது, வளைவில் உட்கார்ந்திருப்பவனிடம் இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

லூப்ரோடு தோட்டம்:

தம்பி, அப்படியே இதையும் சொல்லிவிடுங்கள். பக்கத்து எஸ்டேட்டில் புலி பொம்மை வாங்கி ஆரஞ்சு மரத்தடியில் வைத்தார்கள். நாலு நாள் ஒருவரும் வரவில்லை, ஐந்தாம் நாள் அதன் தலையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார்கள்.

குரங்குமூளை:

அண்ணா, பொம்மையில் தப்பில்லை, அசையாமல் ஒரே இடத்தில் வைத்ததுதான் தப்பு. ரிச்சர்ட் காஸ், உமா ராமகிருஷ்ணன் இருவரும் நம் நாட்டுக் குரங்குகளுக்குச் சிறுத்தை பொம்மை காட்டிப் பார்த்திருக்கிறார்கள். புள்ளி போட்டதற்குக் கருப்பு நிறத்ததைவிட அதிகமாக மிரண்டன. அதாவது அந்தப் புள்ளி வடிவமே மூளையில் மணி அடிக்கிறது. ஆனால் தினமும் அடித்தும் ஒன்றும் நடக்காத மணியை யார்தான் கேட்பார்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனேன், வீட்டில் திட்டினார்கள், இருந்தாலும் போனேன். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, தலையை அவன் பக்கமே வைத்து, கண்ணை மட்டும் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பினேன். பத்து நிமிடம் வரவில்லை. கண்ணாடி வேலை செய்கிறது என்று சந்தோஷத்தில் மனைவியிடம் சொல்லத் திரும்பினேன், பின்னால் இருந்து வேறொருவன் வந்து தட்டுவடையைத் தூக்கிவிட்டான். இவனை நான் பார்க்கவே இல்லை.

போனது போகட்டும், அவன் தின்றதைக் கிட்டே நின்று பார்த்தேன். செட்டைப் பிரித்து, மேல் தட்டுவடையில் ஒட்டியிருந்த காரச் சட்னியைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான், முகர்ந்தான், மறுபடி துடைத்தான். மாங்காய்த் துண்டை முதலில் தின்றுவிட்டான். பீட்ரூட்டைத் தொடவே இல்லை, அது எங்கள் பாப்பா போலவே.