மூன்றாம் ராடில் ஒட்டாத ஒயிட் மெட்டல்

கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படகு இன்ஜின்களிலும் பழைய பம்ப்செட்டுகளிலும் பேரிங் வேலை செய்து பழகியிருந்த என்னிடம், புதுச்சேரியிலிருந்து பெரியவர் ஒருவர் தம்முடைய 1930-ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜினைக் கொண்டுவந்தார். அந்த இன்ஜினில் கழற்றி மாற்றும்படியான பேரிங் கிடையாது. இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கிலும், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளிலும், வெள்ளீயம் மிகுந்த மென்மையான கலவையான ஒயிட் மெட்டலை உருக்கி நேரடியாக ஊற்றி, பிறகு கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

முதல் முறை நான் செய்த வேலை நிலைக்கவில்லை. வண்டி மரக்காணம் வரை போய்த் திரும்பிய சில வாரங்களில், "தம்பி, ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் டக்டக்கென்று கேட்கிறது, வந்து பாருப்பா" என்று அழைத்தார். இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் பேனைக் கழற்றியபோது அடியில் வெள்ளி ஜரிகையைப் போல மெல்லிய செதில்கள் கிடந்தன. மூன்றாம் ராடின் உலோகம் பாதிப் பக்கம் பெயர்ந்து வந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் இரும்பு கறுத்துத் தெரிந்ததே தவிர, அங்கே ஈயம் (வெள்ளீயம்) பிடித்திருந்ததற்கான சுவடே இல்லை.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் உடனே புரியும். காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் தேய்க்கும்போது, சுத்தமான இடத்தில் ஈயம் பஞ்சின் பின்னாலேயே ஓடிப் பரவும். துளி அழுக்கு இருந்தாலும் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு விலகிவிடும். பல ஆண்டுகளாக எண்ணெயில் ஊறிய ராடை மேலோட்டமாகக் கழுவிவிட்டு உலோகத்தை ஊற்றியது என் தவறு.

இரண்டாம் முறை பழைய உலோகத்தை முழுவதும் உருக்கி எடுத்து, ராடைக் காரத்தில் கொதிக்கவைத்து, உட்பரப்பை வெள்ளையாகும் வரை சுரண்டினேன். துத்தநாகத் துண்டுகளைக் கரைத்து அடக்கிய அமிலத்தைத் தடவி, வெள்ளீயக் கம்பி தொட்டவுடன் உருகும் அளவுக்கு, அதாவது 232 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலாகச் சூடேற்றி, உட்பரப்பு முழுவதும் கண்ணாடிபோல் மின்னும்வரை ஈயம் பூசினேன். அந்த ஈயம் உருகிய நிலையில் இருக்கும்போதே ஒயிட் மெட்டலை ஊற்றிவிட வேண்டும்.

நான் பயன்படுத்திய கலவையில் 89 சதவீதம் வெள்ளீயம், 7.5 சதவீதம் ஆன்டிமணி, 3.5 சதவீதம் செம்பு. இந்தக் கலவையைச் சுமார் 425 டிகிரியில் ஊற்றுகிறோம். பைன் குச்சியை நுழைத்தால் அது உடனே பழுப்பாக வேண்டும், தீப்பற்றக் கூடாது என்பது பழைய கணக்கு. தெர்மோமீட்டர் இருந்தாலும் நான் குச்சியையும் வைத்துப் பார்ப்பேன். உருக்கும் சட்டியில் காரீயம் கலந்த சால்டரிங் துண்டு எதுவும் விழுந்துவிடாமல் காக்க வேண்டும். காரீயம் கலந்துவிட்டால், கலவையின் ஒரு பகுதி 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம் கடலோரத்தில் கரண்டிகூட ஈரம் வாங்கியிருக்கும் என்பதால், அதைக் காயவைக்காமல் சட்டிக்குள் விடவே கூடாது. ஒருமுறை என் முன்கையில் தெறித்துப்பட்ட வடு இன்னும் இருக்கிறது.

புகையால் கரி பிடிக்கவைத்துச் சூடாக்கிய மாண்ட்ரலை (நடுத்துளைக்காக வைக்கும் உருளையை) சுற்றி, இடையில் நிறுத்தாமல் ஒரே தாரையாக ஊற்றினேன். உலோகம் இறுகும்போது இரும்பை நோக்கிச் சுருங்குவதற்காக, ராடின் வெளிப்புறத்திலிருந்து முதலில் ஆறவிட்டேன். அடுத்த நாள் ராடை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, உலோகமும் இரும்பும் சேரும் விளிம்பில் சாக்பீஸ் தூளைப் பூசினேன். ஒட்டாத இடம் இருந்தால் மண்ணெண்ணெய் அங்கே கசிந்து, வெள்ளைத் தூளில் ஈரக்கோடாகத் தெரியும். நான்கு ராடுகளிலும் கோடு விழவில்லை. தட்டிப் பார்த்ததில் மணிபோல் ஒலித்தது. முதல் முறை செய்த ராடின் ஒலி மண்பானை விரிசல் விட்டதுபோல் இருந்ததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பிளாக்கில் கிராங்கைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங்குகளிலும் உலோகம் வார்ப்பிரும்பில் அவ்வளவாக ஒட்டாது; அங்குள்ள பிடிப்புத் துளைகள்தான் அதைத் தாங்குகின்றன. மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி ஒரே அமைப்பில் கடைந்து லைன் போரிங் செய்தேன். கிராங்கின் மையம் நகர்ந்தால் டைமிங் கியரின் பொருத்தம் கெட்டுவிடும்.

ராடுக்குள் சுழலும் கிராங்கின் பகுதியான ஜர்னலின் விட்டம் ஒன்றரை அங்குலம். ராடின் துளையை அதைவிட, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஒன்றரைப் பங்கு வரை கூடுதலாகக் கடைந்தேன். கூர் மழுங்கிய டூல் இந்த உலோகத்தை வெட்டாது, மெழுகைப்போல் இழுத்துவிடும் என்பதால் டூலை அடிக்கடி தீட்டினேன். எமரி தாளைப் பக்கத்திலேயே வைக்கவில்லை. அதன் துகள்கள் மென்மையான உலோகத்தில் புதைந்துகொண்டு, கிராங்கை நாள்தோறும் அராவித் தின்னும். நீலச் சாயம் தடவிப் பொருத்திப் பார்த்து, மேடு தெரிந்த இடங்களை ஸ்கிரேப்பரால் சுரண்டினேன்.

800 கிலோமீட்டர் ஓடிய பிறகு பெரியவர் வண்டியைக் கொண்டுவந்தார். ஆயில் பேனில் செதில் இல்லை. முதல் ராடில் மட்டும் சற்றுத் தளர்வு இருந்ததால், ராடின் மூடிக்கு அடியிலிருந்த, மெல்லிய ஏடுகளாலான ஷிம்மில் இரு பக்கமும் ஓர் ஏட்டை உரித்தெடுத்துவிட்டு மறுபடி முறுக்கினேன்.