கொல்லையில் மீன்குளம்: பத்துக்கு ஆறு போதுமா?

நான்: எல்லோருக்கும் வணக்கம். கொல்லையில் சும்மா கிடக்கிற இடத்தில் ஒரு மீன்குளம் வெட்டலாம் என்று இருக்கிறேன். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம், நீள்வட்டமாக. குளத்துக்குள்ளேயே சுற்றிலும் ஓரடி அகலத்தில் ஒரு படி விட்டு அதில் செடித்தொட்டி வைக்கலாம். மீனுக்குப் பதினைந்து கோய். கணக்குப் போட்டால் 3400 லிட்டர் வருகிறது, போதும்தானே?

தம்பி: அண்ணா பதினைந்து கோயா, சூப்பர்

மாமா: தாராளமாகப் போதும். வெட்டு.

சித்தப்பா: மாமா கொஞ்சம் பொறுங்கள். அந்த 3400 எப்படி வந்தது?

நான்: 10 × 6 × 2 = 120 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். பெருக்கினேன்.

சித்தப்பா: அது செவ்வகப் பெட்டிக்கான கணக்கு. நீ வெட்டப்போவது நீள்வட்டம், அதனால் மேற்பரப்பை 0.785 ஆல் பெருக்க வேண்டும், 60 சதுர அடி 47 ஆகிவிடும். அப்புறம் அந்தப் படி. ஓரடி ஆழத்தில் சுற்றிலும் படி விட்டால் அதற்குக் கீழே உள்ள குழி எட்டுக்கு நாலுதான், அதுவும் நீள்வட்டம், 25 சதுர அடி. மேல் அடிக்கு 47, கீழ் அடிக்கு 25, ஆக 72 கன அடி. லிட்டரில் சுமார் 2040. இன்னும் இருக்கிறது. விளிம்பு வரை யாரும் தண்ணீர் நிரப்ப மாட்டார்கள், மழை பெய்தால் மீனும் சேர்ந்து வழிந்து போகும். மூன்று அங்குலம் குறைத்து நிறுத்தினால் உன் கையில் மிஞ்சுவது 1700 லிட்டர்.

நான்: பாதிதான்!

அக்கா: சரி சித்தப்பா, 1700 லிட்டர் என்பதே இரண்டு மேல்நிலைத் தொட்டிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சாண் மீனுக்கு அவ்வளவு தண்ணீர் போதாதா?

சித்தப்பா: இப்போது ஒரு சாண்கூட இல்லை அம்மா, கடையில் விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தால் கோய் இரண்டடி. அது கெண்டை வகை, நிறத்தைப் பார்த்து அலங்கார மீன் என்று நினைத்துவிடுகிறோம். கோய் வளர்க்கிறவர்கள் குறைந்தது நாலடி ஆழம், நாலைந்தாயிரம் லிட்டரிலிருந்துதான் பேச்சையே தொடங்குவார்கள், அதுவும் மூன்று நாலு மீனுக்கு. அதனால் இந்தக் குளத்துக்குக் கோய் வேண்டாம் என்பதே என் கருத்து. எந்த மீன் என்பதை முதலில் முடிவு செய், வளர்ந்த பிறகு அதன் நீளம் என்ன என்று பார், குளத்தின் அளவு அதற்குப் பிறகுதான்.

மாமா: இடத்துக்குத் தகுந்த மாதிரிதான் மீன் வளரும் என்று சொல்வார்களே? சின்னக் குளமாக இருந்தால் சின்னதாகவே நின்றுவிடும்.

சித்தப்பா: நின்றுவிடும்தான், ஆனால் அது இடத்துக்கு மரியாதை கொடுத்து நிற்பதில்லை. கழிவு சேர்ந்து தண்ணீர் கெட்டு வளர்ச்சி தேங்குகிறது. உடம்பு கோணி, நோய் வந்து, வாழவேண்டிய காலத்தில் பாதிகூட வாழாமல் போய்விடும். நல்ல தண்ணீரில் தங்கமீனே பத்து இருபது வருடம் இருக்கும்.

தம்பி: சரி அப்போ அகலம் இல்லாவிட்டால் ஆழமாகத் தோண்டிவிடலாமே. ஆறடி ஆழம். லிட்டர் கூடிவிடுமே

சித்தப்பா: லிட்டர் கூடும், மீன் எண்ணிக்கை அதே அளவுக்குக் கூடாது. ஆக்சிஜன் தண்ணீருக்குள் போவது பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான். கிணறு மாதிரி குறுகலாக இருந்தால் அடியில் இருக்கிற தண்ணீருக்குக் காற்றே போய்ச் சேராது. அகலமாகப் பரந்து கிடக்கிற குளம்தான் அதிக மீனைத் தாங்கும். ஆழம் வேறு காரணத்துக்கு வேண்டும்: ஆழம் குறைந்த தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும், இரவில் சீக்கிரம் குளிரும், அந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு ஆகாது. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு, 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் இரண்டடி என்பதை மூன்றாக்கு, அது போதும்.

நான்: மேற்பரப்பை வைத்து எத்தனை மீன் என்று எப்படிப் பார்ப்பது?

சித்தப்பா: சதுர அடிக்கு ஓர் அங்குல மீன், வாலைச் சேர்க்காமல். தோராயக் கணக்குதான், ஆனால் புதிதாகத் தொடங்குகிறவனுக்கு நல்ல கடிவாளம். காமெட் தங்கமீன் எட்டு அங்குலம் வளரும் என்று வைத்துக்கொண்டால் உன் 47 சதுர அடிக்கு ஆறு மீன். காமெட் சில குளங்களில் ஓரடியும் தொடும், அதையும் மனதில் வை. இந்தக் கணக்கைக் கோய்க்குப் போடாதே. நீளம் இரண்டு மடங்கானால் உடம்பு எட்டு மடங்கு, கழிவும் அந்த மாதிரி கூடும்.

அத்தை: நீங்கள் அங்குலக் கணக்கிலேயே இருங்கள். வீட்டில் நடை பழகுகிற குழந்தை இருக்கிறது. மூன்றடி தண்ணீரைத் திறந்து போட்டு வைப்பீர்களா?

அக்கா: நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன்

நான்: சுற்றிலும் வேலி போடலாம் அத்தை.

அத்தை: வேலியில் ஏறும். அது உன் பிள்ளை.

சித்தப்பா: அத்தை சொல்வது சரி. குழந்தைக்கு மூன்றடி வேண்டாம், ஒரு சாண் தண்ணீரே ஆபத்து. வேலியும் போடு, அதோடு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கெட்டியான இரும்புக் கம்பி வலைச் சட்டம், ஒரு பெரிய ஆள் ஏறி நின்றாலும் வளையாத மாதிரி. கரையில் அடியில் தாங்கு கொடுத்து, பூட்டும் போட வேண்டும். சட்டம் செய்கிறவரிடம் குளம் வெட்டுவதற்கு முன்பே பேசிவிடு, ஏனென்றால் நீள்வட்டமாக வெட்டிவிட்டு அதற்குச் சட்டம் செய்யச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். பூனை, கொக்கு, மீன்கொத்திக்கும் அதே சட்டம் தடுப்பு.

மாமா: அப்போ செவ்வகமாகவே சிமென்ட் தொட்டி கட்டிவிடுங்கள். நூறு வருடம் நிற்கும்.

சித்தப்பா: நிற்கும். ஆனால் புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீர் காரமாகும், பல தடவை நிரப்பி வடித்து, உள்ளே பூச்சு அடித்து, பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) பார்த்த பிறகுதான் மீன் விடலாம். மண் சற்று உள்வாங்கினாலும் விரிசல். இவன் முதல் தடவை செய்கிறான், ரப்பர் லைனர் போடட்டும், தண்ணீர் கசியாமல் இருக்கக் குழிக்குள் விரிக்கிற விரிப்பு. இ.பி.டி.எம் என்கிற ரப்பர் வகையைக் கேள், மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்கும். அதற்குக் கீழே கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு மணலோ தடித்த துணி விரிப்போ போட வேண்டும்.

நான்: லைனர் என்ன அளவு வாங்க?

சித்தப்பா: நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவை கூட்டு, கரையில் மடித்துப் புதைக்க இரண்டு பக்கமும் ஓரடி. அகலத்துக்கும் அப்படியே. படி வைப்பதால் லைனர் கூடாது, படிக்குப் படுக்கையில் போகிற லைனர் அடித்தளத்தில் மிச்சமாகிவிடும். நீயே வரைந்து பார்.

தம்பி: வரைந்து பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது கரை மடிப்பு சேர்க்காமல் 10+4 = 14, படி இருந்தாலும் 14

அக்கா: இவன் பள்ளியில் இப்படி ஒரு நாள் வரைந்திருந்தால்

நான்: சரி, பெரிதாக்குகிறேன். 12 × 8, மூன்றடி ஆழம், படி ஒரு பக்கம் மட்டும். காமெட் மட்டும். இப்போது சொல்லுங்கள்.

சித்தப்பா: இப்போதுதான் குளம். மேற்பரப்பு 75 சதுர அடி, ஒன்பது மீன் வரை போகலாம், நீ எட்டோடு நில். சுவர் சற்றுச் சாய்வாக இருக்கும், படி இருக்கிறது, மேலே மூன்று அங்குலம் விடுவாய், எல்லாம் போக 4500 லிட்டர் அளவில் நிற்கும். லைனர் 20 × 16 அடி. முதல் தடவை நிரப்பும்போது ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடி என்று பார்த்துக்கொண்டு, மொத்தம் எவ்வளவு நேரம் குழாய் ஓடியது என்று எழுதி வை. அந்த எண்தான் நிஜமான லிட்டர். பின்னால் மருந்து போடும்போது தோராயக் கணக்கு ஆகாது.

மாமா: பம்ப்?

சித்தப்பா: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மொத்தத் தண்ணீரும் வடிகட்டி வழியாகப் போய்வர வேண்டும். 4500க்கு மணிக்கு 2250 லிட்டர். பெட்டியில் போட்டிருப்பது உயரமே இல்லாதபோது வருகிற அளவு, நாலடி மேலே தூக்கினால் குறையும், அதற்கான அட்டவணையைப் பார்த்து வாங்கு. இரவில் நிறுத்தாதே. செடியும் பாசியும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், விடியற்காலையில்தான் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்.

அம்மா: எல்லாம் படித்தேன். மரத்தடியில் வெட்டப் போகிறீர்களா? தினமும் சருகு யார் அள்ளுவது?

நான்: மரத்தடியில் இல்லை அம்மா, தள்ளித்தான்.

சித்தப்பா: அண்ணி கேட்டது முக்கியம். சருகு அடியில் போய் அழுகும், வேர் லைனரைக் குத்தும். மழைத் தண்ணீர் தேங்குகிற தாழ்வான மூலையும் வேண்டாம், அடியில் நீர் ஏறினால் லைனர் பலூன் மாதிரி எழும்பிவிடும். கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுக் கடப்பாரையை எடு. அதற்கு முன்னால் தோட்டக் குழாயை அந்த அளவுக்குத் தரையில் வளைத்துப் போட்டு ஒரு வாரம் அப்படியே விடு. நடக்கிற வழி, வெயில் எப்போது விழுகிறது எல்லாம் தெரிந்துவிடும். ஐந்தாறு மணி நேர வெயில் இருந்தால் அல்லி பூக்கும், அதன் இலை பாதிக் குளத்தை மூடினால் பாசியும் குறையும்.

தம்பி: மீன் எப்போ வாங்கலாம், நானும் வருகிறேன்

சித்தப்பா: குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முதலில் அதை முறிக்க வேண்டும், குளோரமைன் (குளோரினோடு அம்மோனியா சேர்ந்தது) என்றால் வெயிலில் வைத்தால் போகாது, அதற்கு மருந்துதான். அப்புறம் இரண்டு மீன் மட்டும். மீன் விடுகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா வடிகட்டியில் வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் எட்டையும் கொட்டினால் எட்டும் போகும்.

தம்பி: ஆறு வாரமா

அத்தை: சட்டம் வந்து பூட்டுப் போட்ட பிறகு தண்ணீர். அதற்கு முன்னால் ஒரு வாளிகூட விடக்கூடாது.

நான்: சரி அத்தை. சனிக்கிழமை குழாயை வளைத்துப் போட்டுப் படம் அனுப்புகிறேன்.

அம்மா: பன்னிரண்டடி என்றால் என் துணிக்கொடிக் கம்பம் நடுக்குளத்தில் நிற்கும். முதலில் அதை எங்கே நடுவது என்று சொல்.