நோடு அடிப்படையிலான மாடுலர் மென்பொருள்களை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது?

கேள்வி: ஒலிவலை

அனைவருக்கும் வணக்கம். குறும்படங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் ஒலி வடிவமைப்பது என் தொழில். இதுவரை ஆயத்த சின்தசைசர்களையும் பதிவு செய்த ஒலிகளையும் கொண்டே பணி செய்துவந்த நான், பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்து ஒலியை அடியிலிருந்து கட்டும் மென்பொருள் ஒன்றை இனி ஆழமாகக் கற்க விரும்புகிறேன். மேக்ஸ், பியூர் டேட்டா, விசிவி ராக், ரியாக்டர், பிட்விக் ஸ்டூடியோ என்ற இசைத் தயாரிப்பு மென்பொருளுக்குள் இருக்கும் கிரிட் ஆகியவற்றின் விவரப் பட்டியல்களை வாசித்துப் பார்த்தேன். ஆசிலேட்டர் (ஒலி அலையை உருவாக்குவது), ஃபில்டர் (அதிர்வெண்களை வடிகட்டுவது), என்வலப் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை வடிவமைப்பது), சீக்வென்சர் (சுரங்களை வரிசையாக இயக்குவது) என எல்லாப் பட்டியல்களும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றை வைத்து முடிவெடுக்க இயலவில்லை.

தட்டினால் அதிரும் உலோகம், மீட்டிய தந்தி போன்றவற்றின் ஒலியைப் பதிவுகளின் துணையின்றி உருவாக்க வேண்டும் என்பது என் முதல் தேவை. விளையாட்டில் நிகழும் செயல்களுக்கு ஏற்ப அந்த ஒலி உடனுக்குடன் மாறவும் வேண்டும். இன்று செய்யும் பேட்ச், அதாவது பெட்டிகளையும் கம்பிகளையும் இணைத்துக் கட்டிய அமைப்பு, பல ஆண்டுகள் கழித்தும் திறக்குமா என்ற கவலையும் உண்டு. இந்த மென்பொருள்களை எதை வைத்து ஒப்பிடுவது பொருத்தமாக இருக்கும்?

மறுமொழி: பின்னூட்டன்

வணக்கம். மாட்யூல்களின், அதாவது பெட்டிகளின், எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு மென்பொருளும் காலத்தை எந்த அலகில் நறுக்கிக் கணக்கிடுகிறது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் முதல் தேவையை நிறைவேற்ற முடியுமா முடியாதா என்பதை அது ஒன்றே பெருமளவு தீர்மானித்துவிடும்.

பியூர் டேட்டா இயல்பாக 64 சாம்பிள்களை (ஒலி அலையின் அடுத்தடுத்த அளவீட்டு எண்களை) ஒரு பிளாக்காகச் சேர்த்து, ஒரு பெட்டியின் கணக்கை முடித்த பிறகே அடுத்த பெட்டிக்குச் செல்கிறது. நொடிக்கு 44,100 சாம்பிள்கள் என்றால் ஒரு பிளாக் ஏறத்தாழ 1.45 மில்லிநொடி நீளும். பெரும்பாலான வேலைகளில் இதை நீங்கள் உணரவே மாட்டீர்கள். ஆனால், வெளியே வரும் ஒலியை மீண்டும் உள்ளேயே செலுத்தும் பின்னூட்ட வளையம் ஒன்றைக் கட்டினால், அந்த வளையத்தின் தாமதம் ஒரு பிளாக்குக்குக் கீழே இறங்காது. மீட்டிய தந்தியின் ஒலிக்குப் பலரும் பயன்படுத்தும் கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறை, இரைச்சல் துணுக்கு ஒன்றைக் குறுகிய தாமத வளையத்தில் சுழலவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் சற்றே மழுங்கச் செய்வதுதான். வளையத்தின் நீளமே சுருதியைத் தீர்மானிப்பதால், 64 சாம்பிள் வளையத்தில் 44,100 வகுத்தல் 64, அதாவது சுமார் 689 ஹெர்ட்ஸுக்கு மேல் தந்தியின் சுருதி ஏறவே ஏறாது. சிறிய உலோகத் துண்டின் கூர்மையான கிணுகிணுப்பை இதே முறையில் கட்ட நினைத்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. வளையத்தை மட்டும் ஒரு துணைப் பேட்சுக்குள் வைத்து, அதில் பிளாக் அளவை 1 என்று அமைத்தால், அந்தப் பகுதி மட்டும் சாம்பிள் சாம்பிளாக இயங்கும். மேக்ஸிலும் சாதாரண சிக்னல் பெட்டிகள் தொகுப்புத் தொகுப்பாகவே கணக்கிடுகின்றன. ஆனால் மேக்ஸ் 6 பதிப்பில் வந்த ஜென் என்னும் பகுதிக்குள் ஒரே ஒரு சாம்பிள் தாமதத்துடன் வளையம் கட்டலாம். ரியாக்டர் தொடக்கத்திலிருந்தே சாம்பிள் அளவில் சிந்திக்கும் மென்பொருள் என்பதால், வளையம் கட்டினால் ஒரு சாம்பிள் தாமதத்தைத் தானாகவே இடுகிறது.

விசிவி ராக்கின் அடிப்படையே இதுதான். அங்கே எல்லா மாட்யூல்களும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒருமுறை இயங்குகின்றன. எந்தக் கேபிளையும் எங்கே வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம், பிழைச் செய்தி வராது. ஓர் ஆசிலேட்டரின் வெளியீட்டைக் கொண்டு அதே ஆசிலேட்டரின் அதிர்வெண்ணை ஆட்டுவிக்கும் சோதனைகளை அச்சமின்றிச் செய்து பார்க்க, இந்த ஐந்தில் அதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதற்கு விலையும் உண்டு: மாட்யூல் அமைதியாக இருக்கும்போதும் பெரும்பாலும் கணக்கு நடந்துகொண்டே இருப்பதால், பேட்ச் வளர வளரச் செயலியின் சுமையும் வளரும்.

மறுமொழி: தூண்டுகோல்

பின்னூட்டன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் இரண்டாவது தேவைக்கு விடை சிக்னலில் இல்லை, மெசேஜில்தான் இருக்கிறது.

ராக்கிலும் கிரிட்டிலும் கம்பியில் ஓடுவது எப்போதும் தொடர்ச்சியான சிக்னல் மட்டுமே. மேக்ஸிலும் பியூர் டேட்டாவிலும் அதனுடன் மெசேஜ் என்ற இரண்டாவது ஓட்டம் உண்டு. பெயரின் இறுதியில் அலைக்குறி உள்ள பெட்டிகள் சிக்னலைக் கையாளும். மற்றவை ஏதேனும் நிகழும்போது மட்டும் விழித்துக் கணக்கிடும். ஒரு பாத்திரம் ஓடுகிறது, காலடியில் தரை மாறுகிறது, மோதிய பொருளின் எடை இன்னது என்பன போன்ற தகவல்கள் எண்களாகவும் சொற்களாகவும் பட்டியல்களாகவும் வருபவை. அவற்றைப் பிரித்து, நிபந்தனை வைத்து, நினைவில் நிறுத்தி, உரிய ஒலிக்கு அனுப்பும் வேலையை, ராக்கில் போல மின்னழுத்தத்தைப் பாவிக்கும் சிக்னல்களாக மாற்றிச் செய்வது வீண் சிரமம்.

இந்த இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மில்லர் பக்கெட் 1980களில் பாரிஸின் இர்காம் ஆய்வு மையத்தில் மேக்ஸை உருவாக்கினார். பின்னர் 1990களில் பியூர் டேட்டாவைக் கட்டற்ற மென்பொருளாக எழுதினார். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், ஒரே வெளியீட்டிலிருந்து பல பெட்டிகளுக்குக் கம்பி சென்றால் எது முதலில் இயங்கும் என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன. மேக்ஸில் திரையில் வலப்பக்கம் இருப்பது முதலில் இயங்கும். பியூர் டேட்டாவில் முதலில் இணைத்த கம்பி முதலில் இயங்கும், அதைத் திரையைப் பார்த்துக் கண்டறிய வழியில்லை. மேக்ஸில் ஒரு பெட்டியைச் சற்று நகர்த்தினாலே பேட்சின் நடத்தை மாறக்கூடும்! ஆகவே எதைக் கற்றாலும், வரிசையை வெளிப்படையாக நிறுத்தும் ட்ரிகர் பெட்டியை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்குள் பேட்சை அப்படியே கொண்டுசெல்ல முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். பியூர் டேட்டாவை வேறொரு நிரலுக்குள் பதித்து இயக்க லிப்பிடி என்ற நூலகம் இருக்கிறது. பேட்சை சி மொழி நிரலாக மாற்றும் கருவியும் உண்டு, ஆனால் அது எல்லாப் பெட்டிகளையும் ஏற்பதில்லை. மேக்ஸ் தரப்பில் 2022இல் வந்த ஆர்என்பிஓ, பேட்சை சி++ நிரலாகவும், வேறு ஒலி மென்பொருளுக்குள் இயங்கும் பிளக்இன்னாகவும் இணையப் பக்கத்தில் இயங்குவதாகவும் ஏற்றுமதி செய்கிறது. ராக்கில் கட்டியதை விளையாட்டுக்குள் கொண்டுசெல்ல இவ்வளவு நேரான பாதை இல்லை. ஒலியைப் பதிவு செய்து கொடுப்பதே அங்கே நடைமுறை.

பல ஆண்டுகள் கழித்துத் திறப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பியூர் டேட்டாவின் பேட்ச் வெறும் உரைக்கோப்பு. மூல நிரலும் எல்லோர் கையிலும் இருக்கிறது. வெளியார் எழுதிய கூடுதல் பெட்டிகளைக் குறைவாகப் பயன்படுத்தினால் பழைய பேட்சுகள் வியக்கத்தக்க வகையில் அப்படியே திறக்கின்றன. முகப்பின் வறட்சிதான் தடை என்றால், அதே இயந்திரத்தைத் தெளிவான முகப்புடனும் பிளக்இன் வடிவிலும் தரும் பிளக்டேட்டாவை முயன்று பாருங்கள்.

மறுமொழி: பலகுரல்

பல குரல்கள், அதாவது ஒரே ஒலியமைப்பின் பல பிரதிகள், ஒரே நேரத்தில் ஒலிப்பதையும் சேர்த்து எண்ணுங்கள். பத்துப் பொருள்கள் அடுத்தடுத்து விழுந்தால் முந்தைய அதிர்வு அடங்கும் முன்பே அடுத்தது தொடங்கிவிடும். கிரிட்டில் ஒரு குரலைக் கட்டினால் போதும், எத்தனை குரல்கள் வேண்டும் என்பது ஓர் அமைப்பு மட்டுமே. ரியாக்டரிலும் அவ்வாறே. ராக்கில் ஒரே கேபிளில் 16 குரல்கள் வரை செல்லும், ஆனால் எல்லா மாட்யூல்களும் அதை ஆதரிப்பதில்லை. மேக்ஸிலும் பியூர் டேட்டாவிலும் குரல்களின் பிரதிகளை உருவாக்கிப் பகிர்ந்தளிக்கும் அமைப்பை நீங்களே கட்ட வேண்டும். அதற்கென்றே பெட்டிகள் இருக்கின்றன என்றாலும் தொடக்கத்தில் அது எளிதன்று. கிரிட் மிக விரைவாகக் கைவரும், ஆயினும் அதில் செய்தது பிட்விக்குக்கு வெளியே திறக்காது என்பதால் உங்கள் மூன்றாவது தேவைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒலிவலை

மூவருக்கும் நன்றி. சோதனைகளை ராக்கில் செய்துவிட்டு, தேறியதை பியூர் டேட்டாவில் மீண்டும் கட்டுவது என்று எண்ணுகிறேன். அப்படி மாற்றும்போது ஒலி மாறிவிடாமல் இருக்க எவற்றைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி: பின்னூட்டன்

அலகுகளை முதலில் மாற்றுங்கள். ராக்கில் ஒலி சிக்னல் பொதுவாகக் கூட்டல் கழித்தல் 5 வோல்ட்டுக்குள் ஆடும். பியூர் டேட்டாவில் அது கூட்டல் கழித்தல் 1 ஆக இருக்க வேண்டும், ஆகவே 5 ஆல் வகுக்க வேண்டும். சுருதி ராக்கில் ஓர் ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் என்று ஏறும், 0 வோல்ட் என்பது நடு ஸி, அதாவது 261.63 ஹெர்ட்ஸ். வோல்ட்டை 12 ஆல் பெருக்கி 60ஐக் கூட்டினால் மிடி எண் (சுரங்களுக்கு இடப்படும் வரிசை எண்) கிடைக்கும், அதிலிருந்து அதிர்வெண்ணைப் பெற பியூர் டேட்டாவில் ஆயத்தமான பெட்டி இருக்கிறது. சிதைவூட்டும் மாட்யூல் எதுவும் இருந்தால் இந்த வகுத்தலைக் கவனிக்காமல் விடும்போது ஒலியின் குணமே மாறிவிடும்.

அடுத்தது கேபிள் தாமதம். ராக்கில் ஒவ்வொரு கேபிளும் ஒரு சாம்பிள் தாமதத்தைச் சேர்க்கிறது. 1000 ஹெர்ட்ஸ் தந்திக்கு வளையத்தின் மொத்த நீளம் 44.1 சாம்பிள்களாக இருக்க வேண்டும். தாமத மாட்யூலை அந்த அளவுக்கே அமைத்துவிட்டு வளையத்தில் மூன்று கேபிள்களை இணைத்தால் நீளம் 47.1 ஆகி, சுருதி அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாகக் கீழே இறங்கிவிடும். ஆகவே ராக்கில் வளையத்திலுள்ள கேபிள்களை எண்ணி, அத்தனை சாம்பிள்களைத் தாமத நேரத்திலிருந்து கழித்துச் சுருதி சேருங்கள். பியூர் டேட்டாவில் பிளாக் அளவை 1 ஆக வைக்கும் துணைப் பேட்சுக்குள் வளையத்தை மட்டும் வையுங்கள். என்வலப்பும், வளையத்தில் சேராத ஃபில்டர்களும் வெளியே வழக்கமான 64 சாம்பிள் பிளாக்கிலேயே ஓடட்டும். முழுப் பேட்சையும் ஒற்றைச் சாம்பிளில் ஓட்டினால், பலகுரல் சொன்ன பத்துப் பொருள்கள் விழும்போது செயலி தாங்காது.