மூக்கு அறுவைசிகிச்சைக்கு முன்பணம் கட்டும் முன் ஒரு கேள்வி

கேள்வி (மதுரையிலிருந்து)

எனக்கு வயது 26. ஒன்பதாம் வகுப்புக் குழுப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, என் மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற எண்ணம் என்னை விடவில்லை. காலையில் கண்ணாடி முன் ஒன்றரை மணி நேரம் போய்விடுவதால் அலுவலகப் பேருந்தை அடிக்கடி தவறவிடுகிறேன். பேருந்தில் வலப்பக்கச் சன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால், துப்பட்டாவால் முகத்தை மறைத்தபடி நின்றுகொண்டே போகிறேன். தங்கையின் நிச்சயதார்த்தத்தில் படம் எடுத்தபோது சமையற்கட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். "கோணலாக இருக்கிறதா?" என்று அம்மாவிடம் ஓயாமல் கேட்கிறேன், இல்லை என்று அவர் சொன்னால், பெற்ற பாசத்தில் சொல்கிறார் என்று தோன்றுகிறது. ஒரு மருத்துவர் திருத்தும் அளவுக்கு ஒன்றுமில்லை என்றார். இன்னொருவர் செய்யலாம் என்றார். அடுத்த மாதம் முன்பணம் கட்ட வேண்டும். அறுவைசிகிச்சை செய்தால் மனம் ஆறுமா?

மறுமொழி 1

தங்கைக்கு, தயவுசெய்து அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். நான் தாடையைத் திருத்திக்கொண்டவன். கட்டுப் பிரித்த இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் மாதத்தில் அதே தவிப்பு நெற்றி முடிக்கு இடம் மாறிவிட்டது. தொப்பியில்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போக முடியாமல் வேலையை விட்ட பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன். முதல் மாதம் தொப்பியின்றி பால் வாங்கப் போவதே எனக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி. கை நடுங்கியது, ஆனால் யாரும் என் நெற்றியைப் பார்க்கவில்லை. இன்றும் சில நாள்களில் அந்த எண்ணம் வருகிறது. வந்தாலும் வேலைக்குப் போய்விடுகிறேன்.

மறுமொழி 2

நான் மருத்துவ உளவியலாளர். நேரில் பாராமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்வது முறையன்று. ஆனாலும் நீங்கள் விவரிப்பது, தோற்றத்தில் இல்லாத அல்லது மிகச் சிறிய குறையை எண்ணி ஓயாமல் தவிக்கும் பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்னும் நிலையை மிகவும் ஒத்திருக்கிறது. இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891-இலேயே இதை விவரித்தார். 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல் இதனை ஓ.சி.டி.யை (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யவைக்கும் நோயை) ஒட்டிய நோய்களுடன் சேர்த்தது. அதற்குத் தக்க காரணம் உண்டு: கை கழுவக் கழுவ அழுக்கைப் பற்றிய ஐயம் வளர்வதுபோல், இங்கே கண்ணாடியைப் பார்க்கப் பார்க்கக் குறை பெரிதாகிறது. முகத்தை முழுமையாகக் காணாமல் ஒரு சிறு பகுதியையே மிக அருகில் நின்று ஆராய்வதால், மற்றவர் கண்ணுக்குப் புலப்படாதது உங்களுக்கு மலையாகத் தெரிகிறது. ஆகவே இது அழகு மோகமும் அன்று, கர்வமும் அன்று. நூற்றில் ஏறத்தாழ இருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தொடங்குகிறது.

சி.பி.டி. என்ற பேச்சுவழிச் சிகிச்சையும், ஃப்ளூவாக்சிடின் போன்ற மருந்துகளும் பலருக்குப் பயனளிக்கின்றன. மருந்தின் பலனை அறிய 12 வாரமேனும் ஆகலாம் என்பதால், இடையில் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் இந்த நோயில் அரிதன்று. அப்படித் தோன்றினால் மறுநாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் பேசுங்கள். அது இலவசம், தமிழிலும் பேசலாம்.

மறுமொழி 3

அம்மா, நான் உன் தாயின் இடத்தில் இருப்பவள். என் மகன் முகப்பருத் தழும்பைக் காட்டிக் கேட்கும்போதெல்லாம் "ஒன்றுமில்லை, ராசா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த ஆறுதல் ஐந்து நிமிடம்கூட நிற்காமல், அடுத்த கேள்விக்கே வழிவிட்டது என்பதை மருத்துவர் விளக்கியபின்தான் உணர்ந்தேன். இப்போது தழும்பைப் பற்றிப் பேசுவதில்லை, "மனம் தவிக்கிறதா? வா, கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம்" என்று மட்டும் சொல்கிறேன். தொடக்கத்தில் கோபித்துக்கொண்டான், நானும் தனியாக அழுதேன். உன் அம்மாவையும் மருத்துவரிடம் அழைத்துப் போ; எப்படிப் பதில் சொல்வது என்று அவருக்கும் யாராவது கற்றுத்தர வேண்டும்.

கேட்டவரின் பதில்

மூன்றாவது மறுமொழியை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்குச் செல்லம் கொடுப்பதாக நினைத்தேனே" என்றார். முன்பணம் கட்டப் போவதில்லை என்று தெரிவித்துவிட்டேன். வியாழக்கிழமை புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்க இருவரும் காலையிலேயே கிளம்புகிறோம். அன்று கண்ணாடி முன் நிற்க நேரமிருக்காது என்ற அச்சம் இப்போதே தொடங்கிவிட்டது, அதையும் மருத்துவரிடம் சொல்வேன்.